வண்டி வந்தது. போலீஸ் வந்ததா?

(ஞாயிறு மாலை நடந்த பகுதிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படிங்க.)



வழக்கமாக மேடையில் ஏறினால் டெல்லியில் ஆரம்பிப்போம். இன்னிக்கு எங்க தெருவிலிருந்து ஆரம்பிக்கிறேன். ராத்திரி பதினொன்னேகால் மணிக்கு நான் போட்ட ஒரு போன் காலைப் பற்றிப் பேசணும்.

எங்க தெருக்கோடியில் ஒரு லைன் வீடு இருக்கு, ஆறு குடித்தனம். கடைசி போர்ஷனில் ஒரு தங்கச்சி, கட்டட வேலைக்குப் போகிறவர். கணவன் குடித்துவிட்டு வந்து கத்துவது தெருவுக்கே பழகிப்போன விஷயம். அன்னிக்கு ராத்திரி சத்தம் வேற மாதிரி இருந்தது. பாத்திரம் விழுற சத்தத்துக்கும் ஆள் விழுற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியும் இல்லையா? போனை எடுத்து 100 அடிச்சேன்.

உடனே எடுத்தாங்க, அதைச் சொல்லியாகணும். ஒரு பெண் காவலர் மரியாதையாகப் பேசினார், விவரம் எல்லாம் கேட்டுக்கொண்டார், "வண்டி அனுப்புறோம் சார்" என்றார். பத்து நிமிஷம் கழித்து லோக்கல் ஸ்டேஷனிலிருந்து கால். வண்டி எங்கே வருதுன்னு சொல்லத்தான் கூப்பிடுறாங்கன்னு நினைச்சேன். அவங்க கேட்ட கேள்வி: "சார், அந்தத் தெரு எங்க லிமிட்டா, பக்கத்து ஸ்டேஷன் லிமிட்டா?"

எங்க மெயின் ரோடுதான் இரண்டு ஸ்டேஷனுக்கும் எல்லை. ரேஷன் கடை இருக்கிற பக்கம் ஒரு ஸ்டேஷன், பிள்ளையார் கோயில் பக்கம் இன்னொரு ஸ்டேஷன். இது எனக்கே அன்னிக்குத்தான் தெரியும். அடி வாங்கிக்கொண்டிருக்கிற பொண்ணுக்கு இது எதுக்குத் தெரியணும்?

வண்டி வந்தபோது மணி 11.50. ஒரு வயதான ஏட்டு, ஒரு இளம் காவலர். அதற்குள் கணவன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். "ஒண்ணுமில்ல சார், குடும்ப விஷயம்." ஏட்டு வாசலில் நின்றபடியே உள்ளே குரல் கொடுத்தார்: "என்னம்மா, கம்ப்ளெய்ன்ட் குடுக்கிறியா? குடுத்தா இவனை உள்ள வைக்கணும். காலையில நீதான் ஸ்டேஷன் வாசல்ல வந்து அழுவ." அந்தத் தங்கச்சி கணவன் முகத்தைப் பார்த்தார். வேண்டாம்னு தலையாட்டினார். "அனுசரிச்சுப் போங்க" என்று இரண்டு பேருக்கும் ஒரே புத்திமதி. ஏழாவது நிமிஷம் வண்டி கிளம்பிவிட்டது.

இரண்டரை மணிக்கு நாங்கள்தான் 108-இல் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். இடது கை எலும்பு முறிந்திருந்தது.

பின்னால் விசாரித்தபோது அந்த அழைப்பு எப்படி முடிக்கப்பட்டது என்று தெரியவந்தது. "குடும்பத் தகராறு. இரு தரப்பினரிடமும் பேசி சமரசம் செய்து வைக்கப்பட்டது." அதாவது கணக்கில் அது வெற்றிகரமாக முடிந்த அழைப்பு. அழைப்பு வந்தது, வண்டி போனது, பிரச்சினை தீர்ந்தது. புள்ளிவிவரத்தில் அந்தக் கை உடையவே இல்லை!

போலீஸ் எவ்வளவு சீக்கிரம் வருதுன்னுதான் நாம எப்பவும் கேட்கிறோம். வந்து என்ன செய்தாங்க, போன பிறகு என்ன எழுதினாங்க என்று கேட்பதே இல்லை. இந்த இரண்டாவது கேள்வியை நம்ம கட்சி கையிலெடுக்கணும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

அவசர எண் என்ற ஒன்று எப்படி வந்தது தெரியுமா? 1935 நவம்பரில் லண்டனில் விம்போல் தெரு என்ற இடத்தில் ஒரு வீட்டில் தீ. ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். பக்கத்தில் இருந்தவர் தீயணைப்புத் துறையைக் கூப்பிட போன் செய்திருக்கிறார். அந்தக் காலத்தில் எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் போகணும். எத்தனையோ அழைப்புகளில் ஒன்றாக இதுவும் வரிசையில் நின்றது. அவர் சும்மா விடவில்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், விசாரணை வந்தது, 1937 ஜூன் 30 அன்று 999 என்ற எண் நடைமுறைக்கு வந்தது. உலகின் முதல் அவசர எண் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதன் பின்னால் இருந்தது ஒரு சாதாரண மனிதரின் கோபம்.

நம்ம நாட்டில் 112 வந்த கதையும் அப்படித்தான். 2012 டிசம்பர் 16 இரவு டெல்லி பேருந்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். தெருவுக்கு வந்து நின்ற பிள்ளைகளின் கோபத்துக்குப் பிறகுதான் நிர்பயா நிதி வந்தது. அந்த நிதியில்தான் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்ற திட்டம் வந்தது. 2018 நவம்பரில் முதலில் இமாச்சலப் பிரதேசத்தில் தொடங்கினார்கள், பிறகு மற்ற மாநிலங்களுக்கு வந்தது. 2017 முதல் விற்கிற போன்களில் ஆபத்து பட்டன் வசதி இருக்கணும் என்பதும் விதி. பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிக்கணும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை வேகமாக மூன்று முறை, சில போன்களில் ஐந்து முறை. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் உங்க போனில் அது எப்படி அமைந்திருக்குன்னு செட்டிங்கில் பாருங்க. அம்மா போனிலும் பாருங்க.

சரி, எண் வந்தாச்சு, பட்டன் வந்தாச்சு. "எந்த லிமிட்" என்ற கேள்வி போச்சா?

2019 நவம்பர் 27. ஹைதராபாத் பக்கம் ஷம்ஷாபாத். வேலை முடிந்து திரும்பிய ஒரு இளம் கால்நடை மருத்துவர். வண்டி டயர் பஞ்சர். ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் தங்கையிடம் போனில் பேசுகிறார், பயமாக இருக்குன்னு சொல்கிறார். அதற்குப் பிறகு போன் அணைந்துவிட்டது. குடும்பம் ஸ்டேஷனுக்கு ஓடுகிறது. அங்கே என்ன சொன்னாங்க? இது எங்க எல்லைக்குள் வராது, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க. மறுநாள் காலை அந்தப் பெண்ணின் எரிந்த உடல்தான் கிடைத்தது. தாமதம் செய்ததற்காக ஒரு எஸ்.ஐ.யும் இரண்டு ஏட்டுகளும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஆக, தாமதம் நடந்தது என்பதைக் காவல்துறையே ஒப்புக்கொண்டது.

அதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. டிசம்பர் 6 அதிகாலை, கைதான நான்கு பேரும் என்கவுன்டரில் கொல்லப்பட்டார்கள். நாடே கைதட்டியது. போலீஸ்காரர்கள் மேல் பூ தூவினார்கள். நம்ம பசங்களும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள், மறைக்க வேண்டாம். பின்னால் உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், அந்த நால்வரும் சாகட்டும் என்ற எண்ணத்தோடுதான் சுட்டார்கள் என்று அறிக்கை கொடுத்தது, பத்து போலீஸ்காரர்கள் மேல் கொலை வழக்கு நடத்தணும் என்றது. அதைப் பற்றி யாரும் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை.

யோசித்துப் பாருங்க. குடும்பம் வந்து நின்ற அந்த முதல் மணி நேரத்தில் எழுந்து ஓடாத காவல்துறைக்கு, ஒன்பது நாள் கழித்து துப்பாக்கி தூக்கியதற்காகப் பூமாலை கிடைத்தது. நாம அந்தப் பூவைத் தூவியதோடு முதல் மணி நேரத்தைப் பற்றிய கேள்வி செத்துப்போச்சு. "சுட்டுத் தள்ளுங்க" என்று கத்துவது சுலபம். "ராத்திரி பதினோரு மணிக்கு ஏன் வண்டி எடுக்கலை" என்று கேட்டு, பதில் வரும்வரை விடாமல் நிற்பதுதான் கஷ்டம். அரசியல் கட்சிக்கு இரண்டாவதுதான் வேலை.

சரி, வேகமாக வந்துவிட்டால் போதுமா? வெளிநாட்டைச் சொல்லி நம்மைத் திட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனா இந்த ஒன்றைச் சொல்லணும். 2022 மே 24, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் யுவால்டி என்ற சின்ன ஊர். பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைகிறான். போலீஸ் எத்தனை நிமிஷத்தில் உள்ளே வந்தது தெரியுமா? மூன்று நிமிஷம்! அதைவிட வேகம் எங்கே கிடைக்கும்? ஆனா வந்தவர்கள் நடைபாதையில் நின்றுவிட்டார்கள். வகுப்பறைக்குள்ளிருந்து பிள்ளைகள் 911-க்குப் போன் போட்டு, போலீஸை அனுப்புங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். போலீஸோ கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. அவன் நுழைந்ததிலிருந்து 77 நிமிஷம் கழித்துத்தான் கதவைத் திறந்து அவனை வீழ்த்தினார்கள். அதற்குள் அங்கே குவிந்த அதிகாரிகள் 376 பேர். இறந்தவர்கள் 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள்.

நேரத்தை மட்டும் அளந்தால் யுவால்டி போலீஸுக்கு முதல் மதிப்பெண் கொடுக்கணும். எங்க தெருவுக்கு வந்த வண்டிக்கும் பாஸ் மார்க் கொடுக்கணும்.

அப்போ எதை அளக்கணும்? சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கு. அந்த ஏட்டு வாசலில் நின்று சொன்னதை மறுபடி நினைச்சுப் பாருங்க. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, இப்படிப் புகார் வந்தால் போலீஸ் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லணும்னு வரிசையாகச் சொல்கிறது. பாதுகாப்பு ஆணை கேட்டு நீ மனு போடலாம், பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவச சட்ட உதவி இருக்கு, கிரிமினல் புகாரும் கொடுக்கலாம். இதைச் சொல்வது அவர்களின் கடமை. "காலையில நீதான் அழுவ" என்று சொல்லச் சொல்லி எந்தப் பிரிவும் இல்லை. கணவனைத் தள்ளி நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். அதற்கு எத்தனை நிமிஷம் ஆகும்?

எல்லை விஷயத்திலும் அப்படித்தான். எந்த ஊரில் குற்றம் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்யணும், பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே மாற்றிக்கொள்ளணும். ஜீரோ எப்.ஐ.ஆர். என்று சொல்வது இதைத்தான். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பேரை வாயில் நுழைக்கவே ஒரு நிமிஷம் ஆகுது, அந்தச் சண்டையை வேற மேடையில் வச்சுக்கலாம்) 173-ஆவது பிரிவில் இதை எழுத்திலேயே வைத்திருக்கு. ஆன்லைனிலும் புகார் அனுப்பலாம், மூன்று நாளைக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். புலனாய்வு எந்த நிலையில் இருக்குன்னு 90 நாளைக்குள் புகார் கொடுத்தவருக்குத் தெரிவிக்கணும். பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதி அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பாலியல் குற்றப் புகாரைப் பதிவு செய்ய மறுத்த போலீஸ்காரருக்கே ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை கடுங்காவல் தண்டனை இருக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும் கடமையில் அலட்சியம் காட்டுகிற அதிகாரியை விடுவதில்லை.

அதற்கு முன்பே, 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொன்னது: கைது செய்வதற்குரிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆகணும். குடும்பத் தகராறு மாதிரி சிலவற்றில் மட்டும் முதலில் விசாரித்துப் பார்க்கலாம் என்று விலக்கு கொடுத்தார்கள். அந்தச் சின்ன விலக்குதான் நம்ம ஊரில் பெரிய வாசலாகிவிட்டது. எதற்கெடுத்தாலும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. கையில் காகிதம் வந்துவிட்டதால் கேஸ் போட்டாச்சு என்று நம்பி ஜனங்க வீட்டுக்குப் போகிறார்கள். சி.எஸ்.ஆர். என்பது புகார் வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். அது எப்.ஐ.ஆர். கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தை உங்க தெருவில் பத்துப் பேருக்குச் சொல்லுங்க.

இப்போ போலீஸ் பக்கமும் பேசணும். இல்லாட்டி இது வெறும் வசவாகிவிடும்.

அந்த ராத்திரி வந்த ஏட்டுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. காலையிலிருந்து எங்கே இருந்தார் தெரியுமா? பந்தோபஸ்து. ஒரு தலைவர் வருகைக்காக ரோட்டோரம் வெயிலில் நின்றுவிட்டு, அப்படியே நைட் டியூட்டிக்கு வந்திருக்கிறார். வந்தது எந்தக் கட்சித் தலைவர் என்று கேட்காதீங்க. நம்ம தலைவர் வந்தாலும் அதே ஸ்டேஷன்தான் காலியாகுது. கூட்டத்துக்கு இத்தனை போலீஸ் போட்டாங்கன்னு நாமளே பெருமையாக போஸ்ட் போடுறோம். அந்த நேரத்தில் அந்த ஸ்டேஷனுக்கு ஒரு 100 கால் வந்தால் யார் போவது என்று ஒருத்தராவது யோசித்தோமா? நான் யோசிச்சதில்லை, இந்தச் சம்பவம் வரைக்கும்.

2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் போலீஸ் சீர்திருத்தத்துக்கு ஏழு உத்தரவுகள் போட்டது. புலனாய்வு வேலையையும் சட்டம் ஒழுங்கு வேலையையும் பிரிக்கணும் என்பது அதில் ஒன்று. ஒரே ஆள் காலையில் பந்தோபஸ்து, மதியம் கோர்ட், ராத்திரி ரோந்து என்று ஓடினால் எந்த வேலையும் உருப்படாது என்பதால்தான். எத்தனை ஆட்சிகள் வந்து போச்சு? எல்லாக் கட்சிக்கும் அதில் பங்கு இருக்கு.

108 தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-இல். இன்னிக்கு மலைக்கிராமத்துப் பாட்டிக்கும் அந்த எண் தெரியும். அந்த வண்டிக்காரர் "இது எங்க லிமிட் இல்லை" என்று சொல்லிக் கேட்டிருக்கீங்களா? ஆம்புலன்ஸ் வேலையும் போலீஸ் வேலையும் ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆம்புலன்ஸ் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் முடிந்தது. போலீஸுக்கு அங்கேதான் வேலையே ஆரம்பிக்குது. ஆனா ஜனங்களுக்கு அந்த எண் மேல் இருக்கிற நம்பிக்கை சும்மா வரவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் வந்ததால் வந்தது. 100 அடிக்கணும்னா இன்னும் நம்ம ஆட்கள் யோசிக்கிறார்கள். சேரியில் கேட்டுப் பாருங்க, வடமாநிலத் தொழிலாளி தங்கியிருக்கிற ஷெட்டில் கேட்டுப் பாருங்க. "கூப்பிட்டா நம்மளையே தூக்கிட்டுப் போயிடுவாங்க அண்ணே" என்பார்கள். சாத்தான்குளத்தில் 2020-இல் அப்பாவும் மகனும் காவலில் செத்த பிறகு அந்தப் பயத்தை அர்த்தமில்லாததுன்னு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழைப்பே வராத தெரு, கணக்கில் அமைதியான தெருவாகப் பதிவாகும்.

அதனால் நம்ம கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு ஸ்டேஷனும் மாதாமாதம் வெளியிடணும்: அவசர அழைப்பு எத்தனை வந்தது, அழைப்பு வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம், கடைசியாக என்ன எழுதி முடித்தார்கள். எத்தனை எப்.ஐ.ஆர். ஆச்சு, எத்தனை சி.எஸ்.ஆர்.-ஓடு நின்றது, எத்தனை "சமரசம்". சமரசம் என்று முடித்த வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வந்ததா என்பதும் வேணும். யார் பெயரும் வேண்டாம், முகவரியும் வேண்டாம், எண்ணிக்கை போதும். சட்டமன்றத்தில் நம்ம ஆட்கள் இதைக் கேட்கணும். ஆனா அதுவரை நாம காத்திருக்க வேண்டியதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்க மாவட்ட எஸ்.பி. அலுவலகம் அல்லது கமிஷனர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க. நான் இப்போ சொன்ன அதே கேள்விகள், உங்க ஸ்டேஷனுக்கு, கடந்த மூன்று மாதத்துக்கு. முப்பது நாளைக்குள் பதில் தரணும். தரமாட்டோம்னு எழுதினாலும் அதுவும் ஒரு பதில்தான், மேல்முறையீடு போடலாம். மனு மாதிரியை முதல் கமென்ட்டில் போடச் சொல்லியிருக்கேன். கிளைக்கு ஒரு மனு போதும். ஒரே ஸ்டேஷனுக்கு இருபது பேர் போட்டு அந்த ரைட்டரைக் கொல்லாதீங்க, அவரும் பாவம்.

இன்னொன்று. நீங்க 100-க்கோ 112-க்கோ கூப்பிட்டால், கூப்பிட்ட நேரத்தையும் வண்டி வந்த நேரத்தையும் எழுதி வச்சுக்கங்க. போனிலேயே இருக்கும், ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். பக்கத்து வீட்டுக்கு வண்டி வந்தால் தனியாக விடாமல் போய் நில்லுங்க. சண்டைக்குப் போக வேண்டாம், வீடியோ எடுத்துப் போட வேண்டாம், அந்தப் பொண்ணு நாளைக்கும் அதே தெருவில்தான் நடக்கணும். "ஏட்டய்யா, அவங்களைத் தனியா ஒரு வார்த்தை கேளுங்க" என்று மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு ராத்திரி நாங்க எட்டுப் பேர் அங்கே நின்றோம். அந்த ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

அந்தத் தங்கச்சி இப்போ அம்மா வீட்டில் இருக்கிறார். கை கூடிவிட்டது, ஆனா சாந்துச்சட்டி தூக்க முடியாது என்கிறார். வழக்கு இப்போதான் நடக்குது. நம்ம வழக்கறிஞர் அணித் தோழர் ஒருத்தர் காசு வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்க ஸ்டேஷன் கொடுத்த பதிலைக் கையில் கொண்டு வாங்க. வரலைன்னா மனு அனுப்பின தபால் ரசீதைக் கொண்டு வாங்க.